அந்த வெள்ளைக் கீற்று எந்த ஜன்னலிலிருந்து வந்தது?

ஜூஸ் விளம்பரத்தில் வரும் டம்ளர், பாடநூலில் வரும் சோதனைக் குழாய், கைபேசிச் செயலியின் சின்னம், சிறுவர் கதையில் மிதக்கும் சோப்புக் குமிழ் என எதை எடுத்துப் பார்த்தாலும் இடப்பக்க மேல்மூலையில் ஒரு வெள்ளைக் கீற்று இருக்கிறது. வளைந்த காற்புள்ளி வடிவம், பக்கத்தில் துணைக்கு ஒரு சிறு புள்ளி. படத்தில் நேரம் நடுப்பகலா நள்ளிரவா, இடம் வயல்வெளியா சமையலறையா என்பதைப் பொறுத்து அந்தக் கீற்று மாறுவதே இல்லை. கணினியில் வரையும் இளைஞர்களில் பலர் அதை வரைவதுகூட இல்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் ஹைலைட் பிரஷ்ஷை எடுத்து ஒருமுறை அழுத்தினால் அது வந்து விழுந்துவிடுகிறது.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஓவியப் பயிற்சியில் எது விடுபட்டுப் போயிற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அடையாளம் வேறு இல்லை. கண்ணாடியில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அதைச் சுற்றியுள்ள இடம். ஜன்னல், விளக்கு, சுவர், எதிரே நிற்கும் ஆள் எல்லாம் வளைந்து நெளிந்து அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே கண்ணாடியை வரைய வேண்டுமென்றால் முதலில் அறையைப் பார்க்க வேண்டும். அறையைப் பார்க்கச் சொல்லாமல் மென்பொருளின் பொத்தான்களை மட்டும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி, ஓவியரின் கண்ணைப் பழக்காமலே விட்டுவிடுகிறது.

தள்ளுவண்டியில் நிற்கும் கோலி சோடா பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. இன்றும் நம் தெருக்களில் நிற்கிறது. பிற்பகல் நேரம். பாட்டிலின் உடல் ஏறக்குறைய உருளை. உருளை பக்கவாட்டில் மட்டுமே வளைகிறது, மேலிருந்து கீழாக வளைவதில்லை. அதனால் எதிரே விரிந்து கிடக்கும் வானம் பக்கவாட்டில் நெருக்குண்டு, விரலகலம்கூட இல்லாத நெட்டுக் கோடாகிவிடுகிறது. அந்தக் கோட்டின் ஓரமும் வழவழவென்று இருக்காது. வண்டிக் கூரையின் விளிம்பு ஓரிடத்தில் அதைக் கறுப்பாக வெட்டியிருக்கும், எதிர்க்கடையின் பெயர்ப்பலகை இன்னோரிடத்தில் வெட்டியிருக்கும். கோடு பாட்டிலின் தோளுக்கு ஏறியதும் கண்ணாடி இரு திசையிலும் வளையத் தொடங்குகிறது. அங்கே வானம் மேலிருந்தும் நசுங்கி ஒரு சிறு திட்டாகச் சுருங்கும். கோலி தங்குவதற்காகக் கழுத்தைக் கிள்ளிவிட்டிருக்கும் இடத்தில் எதிரொளிப்பு உடைந்து இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறும். ஆயத்த பிரஷ் எதற்கும் இந்தப் பாட்டிலின் தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பால் பாட்டிலுக்கு ஒரு பச்சைச் சாயல் இருக்கும். ஆனால் முன்பக்கத்து வெளிச்சக் கோட்டில் அந்தப் பச்சை துளியும் இருக்காது. அந்த ஒளி கண்ணாடிக்குள் நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதால் வானத்தின் நிறம்தான் அதன் நிறம். இதே வானம் பாட்டிலின் பின்சுவரிலும் இன்னொரு முறை எதிரொளிக்கும். அது கண்ணாடியை ஊடுருவிப் போய்த் திரும்புவதால் பச்சை ஏறி, மங்கலாகத் தெரியும். பின்சுவர் நம் பக்கத்திலிருந்து பார்க்கும்போது குழி ஆடி. எனவே வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் முன்பக்கக் கோடு இடது ஓரத்திலும் பின்பக்கக் கோடு வலது ஓரத்திலும் இருக்கும். டிஜிட்டல் ஓவியங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த இரண்டாவது கோடுதான். அதைச் சேர்த்துவிட்டால் தட்டையாக இருந்த பாட்டிலுக்கு உள்ளே காற்றும் இடமும் வந்துவிடுகின்றன.

அந்தக் கோலிக்கே தனியாக ஒரு பாடம் நடத்தலாம். காற்றில் இருக்கும்போது கண்ணாடிக் கோலியின் மேற்பரப்பு நேராகப் படும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. சோடாவில் மூழ்கியதும் அந்த அளவு 0.4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. இரண்டுக்கும் இடைவெளி குறையக் குறைய எதிரொளிப்பும் குறையும். காற்றில் பளிச்சென்று மின்னிய கோலி தண்ணீருக்குள் போனதும் விளிம்பு மங்கி, ஏறக்குறைய காணாமலே போய்விடும். மூழ்கிய கோலியின்மேல் பளீர் வெள்ளைப் புள்ளி வைத்தால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை என்று அவர் கண் சொல்லும்.

இந்தச் சதவீதங்களுக்குச் சூத்திரம் தந்தவர் பிரான்சின் அகஸ்டின் ஃபிரெனெல். 1820களில் அவர் கண்டு சொன்னது இன்றைக்கும் எல்லா முப்பரிமாண மென்பொருள்களின் அடிவயிற்றிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேராகப் பார்த்தால் 4 சதவீதம், 60 டிகிரி சாய்வில் சுமார் 9, 80 டிகிரியில் சுமார் 39, விளிம்பை ஒட்டிப் பார்க்கும்போது ஏறக்குறைய முழுவதும். ஆகவே வளைந்த கண்ணாடியின் நடுப்பகுதி ஊடே தெரியும், ஓரம் ஆடியாகிவிடும். படத்தின் மிக இருண்ட கோடும் மிக வெளிச்சமான கோடும் பக்கத்தில் பக்கத்தில் அந்த ஓரத்தில்தான் குடியிருக்கும். பொருள்களைப் படம்பிடிக்கும் புகைப்படக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். வெள்ளைப் பின்னணி வைத்தால் ஒயின் கோப்பையின் விளிம்பு கறுப்புக் கோடாகும், கறுப்புப் பின்னணி வைத்துப் பக்கவாட்டில் விளக்கு வைத்தால் அதே விளிம்பு வெளிச்சக் கோடாகும். நடுவில் வெள்ளைத் தீற்றலைப் போட்டுவிட்டு ஓரத்தை மறந்துவிடும் ஓவியத்தில் கண்ணாடி பிளாஸ்டிக்காக மாறிவிடுகிறது.

ஃபிரெனெல் பிறப்பதற்கு முன்பே இதைக் கண்ணால் கண்டு வரைந்தவர்கள் இருந்தார்கள். யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியம் லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பின்சுவரில் தொங்கும் குவி ஆடிக்குள் தம்பதியின் முதுகுப்புறம், ஜன்னல், வாசலில் நிற்கும் இரண்டு பேர் என்று படத்தில் நமக்குத் தெரியாத பாதி அறை முழுவதும் அடங்கியிருக்கிறது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹெடா இருவரும் உணவு மேசைகளை வரைந்தே பெயர் வாங்கியவர்கள். அவர்கள் வரைந்த பச்சைக் கோப்பைகளில் ஜன்னலின் குறுக்குச் சட்டம் ஒரு பக்கம் தெளிவாகவும், எதிர்ப்பக்கச் சுவரில் மங்கலாக இன்னொரு முறையும் விழுந்திருக்கும். சோடா பாட்டிலில் பார்த்த அதே இரண்டு எதிரொளிப்புகள்தான். கிளாஸ் சுமார் 1628இல் வரைந்த ஓவியம் ஒன்றில் மேசைமேல் ஒரு கண்ணாடி உருண்டை கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் அதற்குள் ஓவியத் தாங்கியின் முன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஓவியரே தெரிகிறார்.

ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் வரைந்த முயலின் கண்ணிலும் ஒரு ஜன்னல் மின்னுகிறது. முயல் காட்டு விலங்கு, ஜன்னலோ அறைக்கு உரியது. அந்த ஒரு சின்ன வெளிச்சத்தை வைத்துத்தான் ஓவியப் பட்டறைக்குள் உட்கார்ந்து வரைந்த படம் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். பிற்காலக் கேலிச்சித்திரங்களில் திறந்த மைதானத்தில் பறக்கும் பலூனிலும் நான்கு கட்ட ஜன்னல் ஒன்று தெரிவது இந்த வழக்கத்தின் மிச்சம். பார்த்து வரைந்தது காலப்போக்கில் பழக்கமாயிற்று, பழக்கம் இன்று முத்திரையாகிவிட்டது.

கணினி வரைகலையின் வரலாற்றிலும் இதே போராட்டம் நடந்திருக்கிறது. வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1973இல் ஒரு கணக்குமுறையை உருவாக்கினார். வளைந்த பரப்பில் வெளிச்சப் புள்ளி எங்கே, எவ்வளவு பெரிதாக விழும் என்பதைக் குறைந்த கணக்கில் சொல்லிவிடும் முறை அது. இரண்டே ஆண்டுகளில், 32 வயதில் அவர் காலமாகிவிட்டார். அவர் தந்த பளபளப்புப் புள்ளி உலகமெங்கும் பரவியது. அன்றைய கணினிகளின் வேகத்துக்கு அது பெரும் சாதனை. ஆனால் அந்தப் புள்ளியில் விளக்கு மட்டுமே உண்டு, அறை கிடையாது. அறையைக் கொண்டுவந்தவர்கள் ஜிம் பிளின், மார்ட்டின் நியூவெல். 1976இல் கணினிக்குள் வரைந்த ஓர் அறையின் படத்தை ஒரு டீபாட்டின் வளைந்த உடலில் எதிரொளிக்கச் செய்து காட்டினார்கள். 1980இல் பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டட் ஒவ்வொரு ஒளிக்கதிரையும் பின்தொடர்ந்து கணக்கிடும் முறையை வெளியிட்டார். அதைக் காட்ட அவர் தந்தது, கட்டம் போட்ட தரைக்கு மேலே மிதக்கும் கண்ணாடி உருண்டையின் படம். அந்த ஒரே படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்கு 74 நிமிடங்கள் ஆயின. இன்று அதைவிடச் சிக்கலான படங்களைக் கைபேசி கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது.

பால் டெபெவெக் 1998இல் செய்த வேலை இவை எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தது. படப்பிடிப்புத் தளத்தில் ஆடிபோல் பளபளக்கும் ஓர் உலோக உருண்டையை வைத்துப் பல ஒளி அளவுகளில் படம் எடுத்தார். அந்த உருண்டைக்குள் தளம் முழுவதும் அடங்கிவிடும். அதை வைத்துக் கணினியில் செய்த பொருளுக்கு அசல் இடத்தின் வெளிச்சத்தைக் கொடுக்கலாம். திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுக்கள் இன்றும் தளத்துக்கு ஓர் உருண்டையைத் தூக்கிக்கொண்டுதான் போகின்றன. கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்கூட முதலில் அறையைப் பார்த்துவிட்டுத்தான் பளபளப்பைப் போடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றும் உண்டு. மனிதக் கண் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை என்பதுதான் அது. பார்வை அறிவியலாளர் பாட்ரிக் காவனா 2005இல் எழுதிய கட்டுரையில், ஓவியர்கள் நிழலையும் எதிரொளிப்பையும் இயற்பியலுக்கு மாறாக எத்தனையோ முறை வரைந்திருக்கிறார்கள், பார்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை என்று காட்டினார். உண்மைதான். உருண்டைக்குள் தெரியும் ஜன்னலில் எத்தனை கம்பி என்று யாரும் எண்ணப்போவதில்லை. ஆனால் கண் மன்னிக்காத இடமும் இருக்கிறது. வெளிச்சத் திட்டு பொருளின் வளைவோடு சேர்ந்து வளைகிறதா, அதைச் சுற்றியுள்ள நிழலோடு ஒத்துப்போகிறதா என்பதில் கண் கறாராக இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் மினுமினுப்பு போய், மேலே வெள்ளைச் சாயம் சிந்தியதாகத் தெரிகிறது. ரோலண்ட் ஃபிளெமிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனையில், அசல் இடங்களின் வெளிச்சம் எதிரொளிக்கும்போது பரப்பின் தன்மையை மக்கள் சரியாக ஊகித்தார்கள், ஒற்றைப் புள்ளி விளக்கு மட்டும் இருக்கும்போது தடுமாறினார்கள். ஓவியர் இயற்பியலைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டியதில்லை, ஏதோ ஓர் இடத்தை மனதில் வைத்து வரைய வேண்டும். மறுப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

ஒரு கண்ணாடி உருண்டை எவ்வளவு பெரிய வழக்கையும் கிளப்பும் என்பதற்குச் 'சால்வதோர் முண்டி' சாட்சி. லியனார்டோ டா வின்சி வரைந்ததாகக் கூறப்படும் இந்த இயேசு ஓவியம் 2017 நவம்பரில் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதில் இயேசுவின் கையில் ஒரு பளிங்கு உருண்டை. திண்மமான உருண்டையாக இருந்தால் அதன் பின்னால் இருக்கும் அங்கியின் மடிப்புகள் தலைகீழாகவும் பெருத்தும் தெரிய வேண்டும். ஓவியத்தில் மடிப்புகள் கலையாமல் நேராகவே இருக்கின்றன. ஒளியியலை அத்தனை ஆழமாக ஆராய்ந்த லியனார்டோவா இப்படி வரைந்திருப்பார் என்று கேள்வி எழுந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2019 இறுதியில் அந்தக் காட்சியைக் கணினியில் முப்பரிமாணமாக அமைத்து ஒளிக்கதிர்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 6.8 சென்டிமீட்டர் ஆரமும் 1.3 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட உள்ளீடற்ற உருண்டை என்றால் ஓவியத்தோடு பொருந்துகிறது என்பது அவர்கள் முடிவு. வழக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை, ஓவியர் வேண்டுமென்றேதான் இயற்கையை மாற்றினார் என்போரும் இருக்கிறார்கள். எந்தக் கட்சி சரியாக இருந்தாலும், விட்டட் தொடங்கிவைத்த அதே கதிர்க்கணக்கு ஒரு பழைய ஓவியத்துக்குச் சாட்சி சொல்ல வந்தது கவனிக்கத் தக்கது.

திரையில் வரைபவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சூரியனின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 160 கோடி கேண்டெலா. அதில் 4 சதவீதம் கண்ணாடியில் தெறித்தால்கூட 6 கோடிக்கு மேல் வரும். நல்ல கைபேசித் திரையால் தரமுடிவது சில ஆயிரம். கண் கூசும் அந்தப் பளீரை எந்த வெள்ளையாலும் கொண்டுவர முடியாது. சுற்றியுள்ள இடத்தை இருட்டாக்கித்தான் கொண்டுவர வேண்டும். அனுபவசாலிகள் முதலில் படத்தை நடுத்தர, அடர்ந்த நிறங்களில் முடித்துவிட்டு, கடைசி லேயரில்தான் முழு வெள்ளையைத் தொடுவார்கள், அதுவும் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும். ஸ்கிரீன், ஆட் போன்ற பிளெண்டிங் மோடுகள் இருக்கின்றன என்பதற்காக எல்லா விளிம்பிலும் வெள்ளையைத் தடவினால் கண்ணாடி பனியாகிவிடும். தெறிப்பின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மிருதுவான ஏர்பிரஷ் கண்ணாடிக்கு எதிரி. எதிரொளிப்பு மங்கலாக இருந்தால் அந்தப் பரப்பு சொரசொரப்பானது என்றுதான் கண் புரிந்துகொள்ளும்.

இவையெல்லாம் ஓவியர்களின் உள்விவகாரம் என்று வாசகர் ஒதுங்கிவிட முடியாது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் போலி முகப்படங்கள் பரவும் காலம் இது. மனிதக் கண்ணின் முன்பரப்பும் வளைந்த, ஒளி ஊடுருவும் பரப்புதான். ஒரே அறையில் நிற்பவரின் இரு கண்களிலும் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல், விண்மீன் மண்டலங்களில் ஒளி பரவியிருக்கும் விதத்தை அளக்க வானியலாளர்கள் பயன்படுத்தும் அளவைகளைக் கண்களின் எதிரொளிப்புக்குப் பொருத்திப் பார்த்தார்கள். உண்மையான படங்களில் இரு கண்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின. போலிகளில் பல சிக்கிக்கொண்டன. எப்போதும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் முறை இது அல்ல என்று அவர்களே எச்சரித்தார்கள். ஆனாலும் டம்ளரில் ஜன்னலைத் தேடிப் பழகிய மாணவருக்குப் போலிப் படத்தின் கண்ணில் இரண்டு வேறு அறைகள் இருப்பது சட்டென்று உறுத்தும்.

நம் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியலில் குவி ஆடி, குழி ஆடி, ஒளிவிலகல் எல்லாம் பாடமாக இருக்கின்றன. மாணவர்கள் கதிர்ப்படம் போட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே மாணவர் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அனிமேஷன் வகுப்பில் சேர்ந்ததும் ஹைலைட் பிரஷ்ஷைத் தரவிறக்கம் செய்கிறார். தான் படித்த குழி ஆடிதான் பாட்டிலின் பின்சுவர் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அறிவியல் ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் ஒரே மேசையில் ஒரே டம்ளரை வைத்து ஒரு வகுப்பு நடத்தினால் இரண்டு பாடமும் உயிர்பெறும். அதற்குக் காசு செலவில்லை. கிரிட்டாவும் பிளெண்டரும் இலவச மென்பொருள்கள். பிளெண்டரில் ஒளிவிலகல் எண்ணை 1.33இலிருந்து 1.5க்கு மாற்றி, உருண்டை எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் இருக்கும் அசல் கோலியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டிஜிட்டல் ஓவியம் கற்றுத்தரும் நிறுவனங்கள் வரும் கல்வியாண்டில் முதல் இரண்டு வாரத்தைக் கணினி இல்லாமல் நடத்த வேண்டும். ஜன்னலோரத்தில் ஒரு டம்ளர், ஒரு சோடா பாட்டில், ஒரு பழைய குண்டு பல்பு, கையில் பென்சில். அதற்குப் பிறகு டேப்லெட்டைக் கொடுக்கட்டும். பத்திரிகை ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் ஓவியருக்கு அரை நாள் கூடுதலாகக் கொடுத்து, படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.